மகப்பேறு நிதியுதவி: ஆதார் இணைத்த பிறகும் பணம் ஏன் வரவில்லை?

புதுவயல் அரிசி ஆலையில் தினக்கூலிக்குப் போகிறவள் என் தம்பி மனைவி. கர்ப்பிணிகளுக்குத் தமிழக அரசு தரும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியின் முதல் தவணை 6,000 ரூபாய் அவளுக்கு ஒருவழியாக வந்துவிட்டது. நாலாம் மாதம் வர வேண்டிய பணம், வளைகாப்பெல்லாம் முடிந்த பிறகுதான் வந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரி நல்லபடியாகச் சாப்பிடத்தான் அரசாங்கம் இந்தப் பணத்தைக் கொடுக்கிறது. சாப்பிட வேண்டிய மாதங்கள் கழிந்து வந்தால் என்ன பிரயோசனம்? அந்த ஆற்றாமை இன்னும் தீரவில்லை. காரைக்குடி, தேவகோட்டை, கல்லல் பக்கம் இதே பாட்டில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பதிவில் சிரமமே இல்லை. கிராம சுகாதார செவிலியரிடம் ஆதார், பாஸ்புக், ரேஷன் கார்டு நகல்களைக் கொடுத்தால் பிக்மி என்ற அரசின் கர்ப்பிணிகள் பதிவுத் தளத்தில் ஏற்றி, 12 இலக்க ஆர்.சி.எச். எண் என்ற தாய்-சேய் பதிவு எண்ணைத் தருவார். நாள் தள்ளியது தெரிந்ததுமே போய்விடுங்கள், 12 வாரத்தைத் தாண்ட விடாதீர்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்தான் வேண்டும்.

மாட்டிக்கொண்டது வங்கியில். "ஆதார் லிங்க் ஆகித்தாம்மா இருக்கு, பணம் வரும், போங்க" என்று கவுண்டரில் ஒவ்வொரு முறையும் அதே பதில். பொய்யில்லை, கணக்கில் ஆதார் எண் ஏறித்தான் இருந்தது. ஆனால் அது கணக்கு யாருடையது என்று காட்டுவதற்கான பதிவு மட்டும்தான். அரசுப் பணம் வந்து விழ என்.பி.சி.ஐ. மேப்பிங் என்று தனியாக ஒன்று இருக்க வேண்டும்; அதாவது, இந்த ஆதாருக்கு வரும் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று தேசியப் பணப்பரிமாற்றக் கழகத்தில் இருக்கும் பதிவு. ஒரு ஆதாருக்கு ஒரு வங்கிதான் மேப் ஆகியிருக்கும். கடைசியாக எதில் செய்தார்களோ, அதற்குத்தான் பணம் போகும். குழுக் கடன் வாங்குவதற்காக வேறொரு வங்கியில் கணக்கு திறந்து, அதை அப்படியே போட்டுவிட்டிருந்தாள். மேப்பிங் அங்கேதான் இருந்தது. செவிலியரிடம் கொடுத்த பாஸ்புக் இன்னொன்று.

இதை வங்கிக்குப் போகாமலே பார்க்கலாம். ஆதார் இணையதளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்ற இடத்தில் வங்கிப் பெயரும் 'ஆக்டிவ்' என்பதும் வரும். அதற்கு ஆதாரில் உள்ள கைபேசிக்கு ஓ.டி.பி. வர வேண்டும். இவளுக்கோ ஆதாரில் இருந்தது கல்யாணத்துக்கு முன் வைத்திருந்த சிம். எண்ணை மாற்ற ஆதார் மையத்துக்கு அவளே நேரில் போய்க் கைரேகை வைக்க வேண்டியிருந்தது. அதில் ஒரு நாள் கூலி போனது.

வங்கியில் "ஆதார் லிங்க் பண்ணுங்க" என்று கேட்காதீர்கள். "மானியம் வர என்.பி.சி.ஐ. மேப்பிங் பண்ணணும், அதுக்கு ஒப்புதல் படிவம் குடுங்க" என்று கேளுங்கள். எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 'ஆக்டிவ்' என்று வந்த பிறகு செவிலியரிடம் சொல்லி, பணத்துக்கான விவரத்தை மறுபடியும் அனுப்பச் சொல்ல வேண்டும். பணம் முழுக்க வந்து முடிகிற வரை புதுக்கணக்கு எதுவும் திறக்க வேண்டாம்.

அடுத்தது ரத்தச்சோகை. ஹீமோகுளோபின் 11 இருக்க வேண்டிய இடத்தில் இவளுக்கு 8.6. இரும்புச்சத்து மாத்திரை அட்டை அட்டையாகப் பெட்டியில் கிடந்தது. குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து நிறுத்தியிருக்கிறாள். கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று கொடுக்கும்போதே யாராவது சொல்லியிருக்கலாம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறைகிறது. டீயோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போட்டால் சத்து உடம்பில் ஒட்டாது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்வது நல்லது.

மாத்திரையில் ஏறாததால் அயர்ன் சுக்ரோஸ் மருந்தை சலைனில் கலந்து ஏற்றச் சொன்னார்கள். ஒரே தடவையில் முடியாது, நாள் விட்டுப் பல தடவை போக வேண்டும். மருந்து இலவசம், டவுன் பஸ்ஸும் பெண்களுக்கு இலவசம். ஆனால் போகிற நாளெல்லாம் கூலி கிடையாது. பாதியில் விட்டுவிடுகிற பெண்களை அலட்சியக்காரிகள் என்று திட்டுகிறார்கள். இந்தக் கூலிக் கணக்கை யாரும் கேட்பதில்லை.

எங்களுக்குக் கைகொடுத்தது, ஒரே நாளில் எத்தனை வேலை முடியுமோ அத்தனையையும் சேர்த்து வைத்ததுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் நாள். சர்க்கரைப் பரிசோதனைக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. இதற்கு வெறும் வயிறு தேவையில்லை. போனதும் முதலில் குளுக்கோஸைக் குடித்துவிடுங்கள்; பிரஷர், எடை, தடுப்பூசி, டாக்டர் வரிசை எல்லாம் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கடைசியில் குடித்துவிட்டு, "ஆலைக்கு நேரமாச்சு மதினி" என்று ரத்தம் கொடுக்காமல் கிளம்பினால் பரிசோதனையே வீண்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவர்கள் இரண்டு ஊர் செவிலியரிடமும் சொல்லிவிட வேண்டும். பிள்ளைக்கு அங்கே போடுகிற தடுப்பூசியும் இதே ஆர்.சி.எச். எண்ணில்தான் ஏற வேண்டும். பிள்ளைக்கு நாலு மாதத்தில் 6,000, ஒன்பது மாதத்தில் 2,000 என்று மீதித் தவணைகள் இந்த ஊசிப் பதிவை வைத்துத்தான் வரும். ஊசிக்குப் போகும்போதெல்லாம் தடுப்பூசி அட்டையை நீட்டி, கணினியில் ஏற்றியாகிவிட்டதா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.