அம்மாவின் கை அளவுக்கு
மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள ரிங்லட்டில் விடியலிலிருந்தே மழை. முப்பது ஆண்டுகள் தேயிலைக் கொழுந்து பறித்த அம்மாவுக்காக ஐஸ்லாந்துப் பாணியில் ஒரு கம்பளி கார்டிகன் பின்னியிருந்தேன். குழாய்போலப் பின்னி, முன்பக்கத்தைத் தையலிட்டுக் கத்தரித்துத் திறப்பது அதன் முறை. அந்நாட்டு ஆட்டுக் கம்பளியின் இழைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால் வெட்டிய இடம் எளிதில் பிரியாது. ஆனாலும் கத்தரிக்கோலை எடுத்தபோது நெஞ்சு படபடத்தது!

கார்டிகனின் கைகள்தாம் நீளமாகிவிட்டன, விரல் நுனிவரை. கீழிருந்து பின்னியதால் விளிம்பிலிருந்து உருவ முடியாது. மணிக்கட்டுக்கு மேலே ஒரே ஒரு கண்ணியை, அதாவது பின்னல் வளையத்தை, வெட்டி, அந்த வரிசையை மெல்ல உருவி, 44 கண்ணிகளையும் ஊசியில் ஏற்றிக் கீழ்நோக்கிப் பின்னினேன்.

“இப்போதுதான் என் கை தெரிகிறது, பிள்ளை” என்றார் அம்மா. இடுப்பில் இன்னும் தொளதொளக்கிறது. நாளை அதைப் பிடிக்க வேண்டும்.