நன்னிம்மாவும் ஈ471-உம்

நேற்றுக் காலை கோட்டைமேட்டு வீட்டில் ஒரு பஞ்சாயத்து. மச்சான் ஜெர்மனியில் இருந்து கொண்டுவந்த, வெண்ணெய் மாதிரி ரொட்டியில் தடவும் மார்ஜரின் டப்பாவை நன்னிம்மா தொடவே இல்லை. “ஹலாலான்னு பாத்துச் சொல்லு கண்ணு.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தேன். தாவர எண்ணெய், தண்ணீர், உப்பு, அப்புறம் ஈ471. எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பிடித்துவைக்கும் சரக்கு. பாமாயிலில் இருந்தும் எடுப்பார்கள், பன்றிக் கொழுப்பில் இருந்தும் எடுப்பார்கள். இரண்டுக்கும் எண் ஒன்றுதான், கொடுமை! நம்மூர் டப்பா என்றால் பச்சைப் புள்ளியைப் பார்த்தே கொழுப்புச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

திருப்பிப் பார்த்தால் மூடி ஓரத்தில் குட்டியாக ‘வீகன்’. அப்பாடா.

“அப்படின்னா?”

“மிருகக் கொழுப்பு இல்லை நன்னிம்மா. பால்கூட இல்லை.”

“பாலே இல்லாததை எதுக்குக் கண்ணு ரொட்டியில தடவோணும்?” என்று ஊத்துக்குளி வெண்ணெயை எடுத்துக்கொண்டார்.