திரை அணைந்த தெர்மோஸ்டாட்டும் ஒரு திருகாணியும்

கடந்த ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, டொராண்டோவில் வெளியே மைனஸ் 17 பாகைக் குளிர் நிலவிய நேரத்தில், எங்கள் வீட்டின் சூட்டைக் கட்டுப்படுத்தும் கூடத்துத் தெர்மோஸ்டாட்டின் திரை முழுவதுமாக அணைந்திருந்தது. "தம்பி, தரை ஏன் இப்படிச் சில்லிடுது?" என்று அம்மா கேட்ட பிறகே அதைக் கவனித்தேன். தொலைபேசியில் கிடைத்த பழுதுபார்ப்பவர், தெர்மோஸ்டாட் போய்விட்டது, புதிதாக ஒன்று வாங்கி வையுங்கள் என்றார். அவரால் மறுநாள்தான் வர முடியும். அவர் சொன்னபடி புதியது வாங்கி மாட்டியிருந்தால் அதன் திரையும் ஒளிர்ந்திருக்காது என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

தெர்மோஸ்டாட் சூட்டை உண்டாக்குவதில்லை. அது ஒரு சுவிட்ச் மட்டுமே. பழைய வட்ட வடிவத் தெர்மோஸ்டாட்டுகளில் சூட்டுக்கேற்ப விரிந்து சுருங்கும் ஈருலோகச் சுருளின் மேல் இருந்த பாதரசக் குமிழ் சாய்ந்து இரண்டு கம்பிகளை இணைத்தது. இன்றைய கருவியில் அதே வேலையை ரிலே எனப்படும், மின்சாரத்தால் இயங்கும் சிறிய சுவிட்ச் செய்கிறது. பேஸ்மென்டில் உள்ள, எரிவாயுவை எரித்து வீட்டுக்குச் சூடான காற்றை அனுப்பும் ஃபர்னஸின் டிரான்ஸ்பார்மர் 120 வோல்ட்டை 24 வோல்ட்டாகக் குறைத்து, 'ஆர்' எனப்படும் சிவப்புக் கம்பியில் மேலே அனுப்புகிறது. தெர்மோஸ்டாட் அதை வெள்ளைக் கம்பியான 'டபிள்யூ'வுடன் இணைத்தால் ஃபர்னஸ் எரியத் தொடங்கும். மஞ்சள் 'ஒய்' குளிரூட்டிக்கு, பச்சை 'ஜி' மின்விசிறிக்கு. நீலக் கம்பியான 'சி', தெர்மோஸ்டாட்டுக்கே மின்சாரம் கிடைப்பதற்கான திரும்பு வழி. எங்களுடையது பேட்டரி இல்லாத வகை என்பதால், திரை அணைந்ததற்கு மேலே 24 வோல்ட் வந்து சேராததும் காரணமாக இருக்கலாம். ஆகவே, சுவரைத் தொடுவதற்கு முன் கீழே இறங்கினேன்.

பிரேக்கர் விழவில்லை; ஃபர்னஸின் கதவும் சரியாக மூடியிருந்தது. பக்கத்துச் சுவிட்சை அணைத்துக் கதவைத் திறந்தபோது, கட்டுப்பாட்டு பலகையில் கார்களில் இருப்பது போன்ற ஊதா நிற 3 ஆம்பியர் ஃபியூஸ் கருகியிருந்தது. பலரும் இங்கே புதிய ஃபியூஸைச் செருகி, அதுவும் போனவுடன் 5 ஆம்பியர் ஒன்றைப் போட்டுவிடுகிறார்கள். அது டிரான்ஸ்பார்மரையே எரித்துவிடக்கூடிய தவறு. ஃபியூஸ் போனதென்றால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, அதாவது தொடக்கூடாத கம்பிகள் ஒன்றையொன்று தொடுகின்றன. முதலில் அதைத் தேட வேண்டும்.

மேலே தெர்மோஸ்டாட்டைச் சுவர்த் தட்டிலிருந்து கழற்றி, கீழே பலகையிலிருந்தும் ஐந்து கம்பிகளையும் விடுவித்தேன். இரு முனைகளிலும் எதையும் தொடாமல் தனித்திருந்த கேபிளில், சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையே இணைப்பு இருந்தால் ஒலிக்கும்படி அமைத்த மல்டிமீட்டரை வைத்தபோது அது விடாமல் ஒலித்தது. மற்ற கம்பிகளுக்கிடையே ஒலி எழவில்லை. பழுது கருவியில் இல்லை, கேபிளில்தான் என்பது அப்போது உறுதியானது. அன்று காலையில்தான் தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே சாவி மாட்டும் பலகையை அடித்திருந்தேன். அதன் இடது திருகாணியைக் கழற்றிப் பார்த்தேன். அதன் புரியில் மயிரிழை அளவு நீலப் பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டிருந்தது.

ஃபர்னஸ் நன்றாக இருக்கிறதா என்று அறிய, கேபிளை இணைக்காமலேயே புதிய 3 ஆம்பியர் ஃபியூஸைச் செருகி, பலகையின் ஆர், டபிள்யூ முனைகளைச் சிறு கம்பியால் இணைத்து மின்சாரம் கொடுத்தேன். முதலில் புகை வெளியேற்றும் விசிறி சுழன்றது, பிறகு பற்றவைப்பி செந்நிறமாகப் பழுத்தது, நீலச் சுடர்கள் வரிசையாக எழுந்தன, சற்று நேரத்தில் சூடான காற்று வந்தது. அம்மாவின் முகம் அப்போதுதான் தெளிந்தது. இப்படி இணைத்தால் ஃபர்னஸ் தானாக நிற்காது என்பதால், பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு உடனே எடுத்துவிட வேண்டும். சுடரே வராமலிருந்தால் நான் அங்கேயே நிறுத்தியிருப்பேன். எரிவாயுப் பகுதி உரிமம் பெற்றவர்களின் வேலை. அதேபோல், சுவரில் மெல்லிய கம்பிகளுக்குப் பதிலாகத் தடித்த கம்பிகள் தெரிந்தால், அது பெரும்பாலும் சுவரின் அடியில் பொருத்தும் 240 வோல்ட் மின்சாரப் பேஸ்போர்டு ஹீட்டரின் தெர்மோஸ்டாட். இங்கே சொன்ன முறை அதற்குப் பொருந்தாது.

இரவோடு இரவாகச் சுவரை உடைக்க மனமில்லை. காயமுற்ற சிவப்பு, நீலக் கம்பிகளை இரு முனைகளிலும் மூடிவிட்டு, பச்சைக் கம்பியைக் கீழும் மேலும் ஆர் முனைக்கு மாற்றினேன். பேட்டரியில் இயங்கும் பழைய தெர்மோஸ்டாட் இழுப்பறையில் கிடந்தது. அதற்கு 'சி' தேவையில்லை. இதனால் விசிறியை மட்டும் தனியே ஓடவிடும் வசதி போய்விடும். ஃபர்னஸ் தன் விசிறியைத் தானே இயக்கிக்கொள்ளும்; கோடையில் குளிரூட்டியோடு விசிறியும் ஓட வேண்டும் என்பதற்காகப் பலகையில் ஒய், ஜி முனைகளைச் சிறு கம்பியால் பிணைத்தேன். இரவு 11 மணிக்குள் வீடு 21 பாகையை எட்டியது.

குளிரூட்டும் பக்கத்தை அந்தக் கடுங்குளிரில் சோதிக்க வழியில்லை. மே மாதத்தில் முதல் வெயில் வந்த நாளில் தெர்மோஸ்டாட்டைக் குளிருக்கு மாற்றினேன். வெளியே கம்ப்ரஸரும் உள்ளே விசிறியும் ஒன்றாகக் கிளம்பின.