விளங்காமல் கையெழுத்து வைக்காதே

எங்கள் இங்கிலிஷ் சேர் போன மாதம் காலமானார். தொண்ணூறைத் தாண்டிய வயது. கடைசிவரை பேப்பர் வாசித்தார், பாயில் விழவில்லை, அதனால் துக்கத்தை விட நன்றிதான் மனதில் நிற்கிறது. எண்பதுகளின் நடுவில் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு மகா வித்தியாலயத்துக்கு எனக்கு முதல் நியமனம் கிடைத்தபோது அங்கே ஆங்கிலத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர். மண்முனைத் துறையில் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி, அக்கரையில் இறங்கிச் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்குப் போய்ச் சேரும்போது அவர் எப்போதோ வந்து கரும்பலகையில் திகதி எழுதி முடித்திருப்பார்.

மட்டக்களப்பு நகரத்துக்கு ஆங்கிலம் புதிதல்ல. 1814இல் மெதடிஸ்த மிஷனின் வில்லியம் ஓல்ட் வந்து பள்ளிக்கூடம் தொடங்கிய நாளிலிருந்து அது அங்கே இருக்கிறது. வாவிக்கு மேற்கே வயலும் மாடுமாக வாழ்ந்த சனத்துக்குத்தான் அது எட்டவில்லை. சேர் அந்தச் சனத்தில் ஒருவர். 1945இல் இலவசக் கல்வி வந்திராவிட்டால் தானும் வயல் வட்டைக்குள்தான் நின்றிருப்பேன் என்று சொல்வார். அவர் படித்தது வந்தாறுமூலை மத்திய கல்லூரியில், இன்று கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் அதே இடம். ஆங்கில மூலத்தில் படித்து ஆசிரியராகிச் சில வருடங்களுக்குள் 1956 வந்துவிட்டது. தனிச் சிங்களச் சட்டம், அதோடு சுயமொழிக் கல்வி, ஆங்கிலம் நேரசூசியில் ஒரு பாடமாகச் சுருங்கியது. அது தேறாவிட்டாலும் உயர்தரம் போகலாம் என்று ஆனபிறகு பிள்ளைகள் ஏன் மினக்கெடப் போகிறார்கள்? ஆனால் கந்தோரிலிருந்து, அதாவது அரச அலுவலகத்திலிருந்து, வீட்டுக்கு வரும் கடிதம் மட்டும் சிங்களத்தில் வரும், இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் வரும். சேருடைய வேலை முழுவதும் அந்த இடைவெளிக்குள்தான் நடந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

வகுப்பில் அவருக்குப் பிடிக்காத ஒன்று பாடமாக்கிய கட்டுரை. என் அம்மா என்ற தலைப்பில் ஒரு பிள்ளை வழிகாட்டிப் புத்தகத்தில் இருந்ததை அப்படியே ஒப்பித்து எழுதியிருந்தது. அந்தக் கட்டுரையில் வரும் அம்மா காலையில் தேநீர் குடித்துக்கொண்டு பத்திரிகை வாசிப்பார், பிறகு காரியாலயம் போவார். சேர் கொப்பியை மூடாமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “உன்ட அம்மாவா மனே இது?” பிள்ளை தலையைக் குனிந்தது. “உன்ட அம்மா விடிய எழும்பி என்ன செய்வா?” களை பிடுங்கப் போவா என்றது. சரி, அதை எழுது. களைக்கு என்ன சொல் என்று தெரியாது, அதை மட்டும் அவர் சொல்லிக் கொடுத்தார். ஐந்து வசனம் வந்தது. ஐந்திலும் பிழை. பென்சிலால் வினைச்சொற்களை மட்டும் திருத்திவிட்டு மற்ற எல்லாவற்றையும் அப்படியே விட்டார். எழுத்துப் பிழையைக்கூடத் தொடவில்லை. எனக்கு மனம் கேட்கவில்லை, ஏன் சேர் என்றேன். “இண்டைக்கு வினை. எல்லாத்தையும் திருத்தினா அது அவளுட கட்டுரை இல்ல தம்பி, என்ட கட்டுரை.”

விளங்காத வசனத்துக்குக் கீழே உன் பெயரை எழுதாதே என்பதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை வந்தால் வகுப்பில் பாதி இருக்காது. அவர் இடாப்பைப் பார்த்துக் கத்தமாட்டார், வந்த பிள்ளைகளை வைத்து வெட்டு, சூடு மிதிப்பு, யானைக் காவல் என்று எழுதவைப்பார். உச்சரிப்பு விடயத்தில் மட்டும் எனக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. வெள்ளைக்காரன் காலத்து உச்சரிப்பைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளை வாய் திறக்கவே பயப்படவைத்தார் என்று அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்வேன்.

ஓய்வு பெற்றது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். ஊர் அப்போது போரில் எரிந்துகொண்டிருந்தது. 1991 யூனில் மகிழடித்தீவுப் பக்கம் நடந்த படுகொலைக்குப் பிறகு அவர் வீட்டு விறாந்தை ஒரு கந்தோராகவே மாறிவிட்டது. காணாமல் போன பிள்ளையைத் தேடுகிற தாய்மார் வருவார்கள். செஞ்சிலுவைக்கு, ஆணைக்குழுவுக்கு, தூதரகத்துக்கு, முகாம் பொறுப்பதிகாரிக்கு என்று கடிதம் வேண்டும். நான் சனிக்கிழமைகளில் போய் உதவியாக இருந்தேன். முதலில் அவர் பேனையையே எடுக்கமாட்டார். தாய் அழுது, சொல்லி, திரும்பவும் முதலிலிருந்து சொல்லி முடிக்கும்வரை கேட்பார். பிறகுதான் திகதி, நேரம், என்ன நிறச் சேட், ஆர் பார்த்தது. கார்பன் தாள் வைத்து எழுதுவார். எழுதி முடித்ததும் வரி வரியாகத் தமிழில் சொல்லிக் காட்டுவார், தாய் ஓம் என்றால்தான் அடுத்த வரி. ஒரு தடவை ஒரு அம்மா, “நீங்க எழுதினாச் சரிதானே சேர், தாங்க, வைக்கிறன்” என்று கையை நீட்டினார். “இல்ல தங்கச்சி, இது உன்ட கடிதம். நாளைக்கு ஆரும் கேட்டா நீதான் சொல்ல வேணும்.” முழுவதையும் கேட்கவைத்துத்தான் விட்டார். காசு வாங்கியதே இல்லை, கொண்டுவந்த தயிர்ச் சட்டியை மட்டும் மறுக்கமாட்டார்.

2004 சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டு நிறுவனங்கள் மட்டக்களப்பில் வந்து குவிந்தபோது அவரிடம் படித்த பலர் மொழிபெயர்ப்பாளராகவும் கள அலுவலராகவும் வேலைக்குப் போனார்கள். அதில் ஒருத்தி, அகதி முகாமில் சனத்துக்குப் படிவத்தை வாசித்து விளக்காமல் கையெழுத்து வாங்கச் சொன்ன மேலாளரிடம் முடியாது என்று நின்றவள். சேரிடம் வந்து சொன்னாள். அவர் ஒன்றும் பேசவில்லை, உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். அவர் மனைவிக்கே அது அதிசயம்.

இப்போது நான் புது ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். போனில் தமிழைக் கொடுத்தால் ஆங்கிலம் வந்துவிடுகிறது, நல்ல ஆங்கிலம்தான். முறைப்பாட்டுக் கடிதத்தைக்கூடப் போனில் தயாரித்துக் கையெழுத்து வைத்து அனுப்புகிறார்கள். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் முழிக்கிறார்கள். அந்தக் கடிதத்தை வகுப்புக்கே கொண்டுபோய் வரி வரியாகத் தமிழில் சொல்லவையுங்கள் என்கிறேன். பாடத்திட்டத்தில் இது இல்லை என்கிறார்கள். இல்லைதான்.

சேருடைய கார்பன் பிரதிகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அதைக் காட்சிக்கு வைக்கலாம், நூலகத்துக்குக் கொடுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அவருடைய மகளும் நானும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தத் துயரம் எழுதுவித்தவர்களுடையது. ஊர் ஊராகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறோம். கொக்கட்டிச்சோலை, அரசடித்தீவு, முதலைக்குடாப் பக்கம் சேரிடம் கடிதம் எழுதுவித்த குடும்பங்கள் அந்த வீட்டுக்கே வந்து தங்கள் பிரதியை எடுத்துக்கொள்ளலாம். வாசித்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் சனிக்கிழமை வாருங்கள், நான் இருப்பேன்.