‘அந்த வயசு’ என்றார்கள், தசை அழற்சி என்றது பயாப்சி

போன வருடம் ஆனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. பெங்களூரு அல்சூர் சோமேஸ்வரர் கோயில் மண்டபத்தில் சற்று நேரம் உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்க முடியவில்லை. கால் மரத்துப்போகவில்லை, வலியும் இல்லை. எழ வேண்டும் என்று நினைக்கிறேன், தொடை கேட்கவில்லை. பூக்கார அக்கா ஒருவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, "வயசாவுதுல்ல கண்ணு, மூட்டு தேஞ்சிருக்கும்" என்றார். எனக்கு அப்போது 49.

அவரைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாதவிடாய் நின்று ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. ராத்திரியில் திடீரென்று உடம்பெல்லாம் அனலடிக்கும். தலை வாரும்போது கை பாதியிலேயே இறங்கிவிடும், சீப்பைப் பிடித்த முழங்கையை இன்னொரு கையால் முட்டுக்கொடுத்து வாருவேன். ஆபீஸ் போகும்போது சாதாரண பஸ்ஸை விட்டுவிட்டு, படி தாழ்வாக இருக்கும் வஜ்ரா ஏசி பஸ்ஸுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். டிக்கெட் காசு கூடுதலாகிறதே என்று வீட்டுக்காரர் கேட்டபோது, ஏசிக்காக என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

முதலில் பார்த்த டாக்டர், "மெனோபாஸ் வயசு, இதெல்லாம் சகஜம்" என்று கால்சியமும், வாரம் ஒன்றாக 60,000 யூனிட் வைட்டமின் டி பொடியும் எழுதிக்கொடுத்தார். இரண்டு மாதம் சாப்பிட்டேன். அடுத்த டாக்டர் ரத்தப் பரிசோதனை எடுத்தார். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் ஏறியிருந்தன. கல்லீரலில் கொழுப்பு, எண்ணெயைக் குறையுங்கள் என்றார். தீபாவளிக்கு முறுக்குகூட வாயில் வைக்கவில்லை. அந்த இரண்டு என்சைம்களும் கல்லீரலிலிருந்து மட்டும் வருபவை அல்ல, தசை சிதைந்தாலும் ரத்தத்தில் ஏறும் என்பது எனக்குத் தெரிந்தபோது கார்த்திகை பிறந்துவிட்டது.

கண்டுபிடித்தவர் தோல் டாக்டர். கண் இமை ஊதா நிறமாகி லேசாக வீங்கியிருந்தது, ஹேர் டை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துத்தான் அவரிடம் போனேன். அவர் இமையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்து விரல் கணுக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கணுக்களின் மேல் சிவப்பாகத் தடித்திருந்தது, பாத்திரம் தேய்ப்பதால் என்று விட்டிருந்தேன். "கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருங்க" என்றார். முடியவில்லை. ஒரு சீட்டில் சி.பி.கே. என்று எழுதி, இன்றைக்கே எடுங்கள் என்றார். தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் என்சைம் அது. அந்த லேபில் 200-க்குள் இருக்க வேண்டியது, எனக்கு 5,840.

டெர்மட்டோமயோசைட்டிஸ். தோலும் தசையும் சேர்ந்து அழற்சி அடையும் நோய், உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் தசையையே தாக்குவது. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகம். மூட்டு, தசை அழற்சி நோய்களைப் பார்க்கும் ரூமட்டாலஜி டாக்டரம்மா கோயம்புத்தூர்க்காரர், பேச்சில் ‘ங்க’ குறையாது. தசையில் ஊசி குத்தி அதன் மின்னோட்டத்தைப் பார்க்கும் ஈ.எம்.ஜி., தொடைக்கு எம்.ஆர்.ஐ., ஆன்டிபாடி பரிசோதனை என்று வரிசையாக எழுதினார். பெரியவர்களுக்கு இந்த நோய் வந்தால் எங்காவது புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டுமாம். சி.டி., மேமோகிராம், வயிற்று ஸ்கேன் எல்லாம் ஆயிற்று. முடிவு வரும்வரை நான்கு நாள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஒன்றும் இல்லை என்று வந்தது.

தொடைத் தசையில் சின்னத் துண்டு வெட்டியெடுத்துப் பார்க்கும் பயாப்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஈ.எம்.ஜி. ஊசி குத்தின தொடையில் எடுக்க மாட்டார்கள், ஊசியே தசையைக் கலைத்திருக்கும் என்பதால் மற்றத் தொடையில்தான். தோலை மரத்துப்போக வைக்கிறார்கள், ஆனால் தசைக்குள் மருந்து போடுவதில்லை. போட்டால் மாதிரி கெட்டுவிடுமாம். அதனால் வெட்டும்போது வலி என்பதைவிட, உள்ளேயிருந்து யாரோ கயிற்றைச் சுண்டி இழுப்பது போல இருக்கும். இரண்டு இழுப்பு, அவ்வளவுதான்.

எடுத்த துண்டைச் சாதாரண பயாப்சி மாதிரி பார்மலினில் மட்டும் போட்டு வைத்தால் போதாது. உப்புநீரில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, டப்பாவில் மூடி, ஐஸ் மேல் வைத்து, கெட்டுப்போகுமுன் உறைய வைக்கும் ஆய்வகத்துக்குக் கொண்டு போக வேண்டும். கொண்டு போவது யார்? நோயாளியின் ஆள்தான். என் வீட்டுக்காரர் கன்னிங்ஹாம் ரோட்டிலிருந்து ஓசூர் ரோடு வரை ஐஸ்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனார். ரிச்மண்ட் சர்க்கிள் சிக்னலில் வண்டி நகரவே இல்லை. ஆட்டோக்காரர் திரும்பி, "பெட்டியில என்ன சார், மீனா?" என்று கேட்டிருக்கிறார். "இல்லப்பா, என் சம்சாரத்தோட தொடை" என்றாராம் இவர். டபுள் ரோடு தாண்டும்வரை அந்த மனுஷன் வாயே திறக்கவில்லை, இறங்கும்போது மீட்டருக்கு மேல் கேட்கவும் இல்லை.

ரிப்போர்ட் வந்தது. தசைக் கட்டுகளின் ஓரத்தில் இருக்கும் நார்கள் சுருங்கியிருந்தன. இந்த நோயின் கையெழுத்து அது என்றார் டாக்டரம்மா. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தினம் 60 மில்லிகிராம், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாள் விஷயத்தை மூன்று முறை சொன்னார், தினம் போட்டால் உயிருக்கே ஆபத்து. அட்டையில் மார்க்கர் பேனாவால் ‘ஞாயிறு’ என்று எழுதி வைத்தோம். முகம் பூசணிக்காய் ஆனது, சர்க்கரை ஏறியது, அதெல்லாம் இந்த மருந்து சாப்பிட்டவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை.

என்னைக் குடைந்த கேள்வி வேறு. அனலடிப்பது நிற்கவில்லை. ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். மனசுக்குள் இன்னொரு கேள்வியும் இருந்தது: எல்லோரும் சொன்ன மாதிரி மெனோபாஸில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததால்தான் இது வந்ததா?

டாக்டரம்மா அன்றைக்கு அவசரப்படவில்லை. குறைந்ததால்தான் வந்தது என்று சொல்ல முடியாதுங்க, ஆனால் ஈஸ்ட்ரோஜனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி என்பது செல்லுக்குள் இருக்கும் ஒரு புரதம். ஹார்மோன் வந்து ஒட்டியதும் அது டி.என்.ஏ.வில் போய் உட்கார்ந்து, சில ஜீன்களை முடுக்கும், சிலவற்றை அடக்கும். ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை. பீட்டாவைக் கண்டுபிடித்ததே 1996-ல்தான். கர்ப்பப்பையிலும் மார்பிலும் மட்டும் என்று நான் நினைத்திருந்தேன். தசையிலும் இருக்கிறது, எதிர்ப்பு சக்தி செல்களிலும் இருக்கிறது, ஆண்களின் தசையிலும்கூட.

தசையில் அது பெரும்பாலும் நல்லது செய்கிறது. அடிபட்ட தசையைப் பழுது பார்க்கும் செல்களைக் காக்கிறது. எதிர்ப்பு சக்தி செல்களில் அப்படியல்ல. ஆன்டிபாடி உற்பத்தியைத் தூண்டிவிடலாம், இன்டர்ஃபெரான் என்ற அழற்சிச் செய்தியை உரக்கச் சொல்ல வைக்கலாம். என் நோயில் தசையிலும் தோலிலும் அந்த இன்டர்ஃபெரானின் தடயம்தான் நிறையத் தெரியும். ஒரே ஆள் ஒரு வீட்டில் சமாதானம் பேசிவிட்டு, அடுத்த வீட்டில் கோள் மூட்டுவது மாதிரி என்று எனக்குத் தோன்றியது. சொன்னேன், சிரித்தார்.

2006-ல் ஒரு தோல் மருத்துவ இதழில், ஈஸ்ட்ரோஜனுக்கு எதிரான மருந்து எடுத்த இரண்டு பெண்களுக்கு இதே நோயின் தோல் தடிப்பு குறைந்ததாக எழுதியிருந்தார்களாம். இரண்டே பேர், அதை வைத்து வைத்தியம் செய்ய முடியாது என்று உடனே சேர்த்துக்கொண்டார். எதிர்ப்பு சக்தி தன் உடம்பையே தாக்கும் இன்னொரு நோயான, இந்த நோய்க்கு உறவுக்காரி மாதிரியான லூபஸில், மெனோபாஸுக்கு ஹார்மோன் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2005-ல் வெளிவந்தது. நோய் திடீரென்று தலைதூக்குவதில் லேசானவையும் நடுத்தரமானவையும் கொஞ்சம் கூடின, கடுமையானவை பெரிதாகக் கூடவில்லை. அதற்கு மேல் இன்னொன்று: எனக்கு வந்த இந்த நோயில் ரத்தக் குழாய்க்குள் ரத்தம் கட்டும் ஆபத்து ஏற்கெனவே அதிகம், வாய்வழி ஈஸ்ட்ரோஜன் அதைக் கூட்டும். "நோய் அடங்கட்டும்ங்க, அப்புறம் பேசலாம்" என்றார்.

எனக்கு அது சரியான பதிலாகப் பட்டது. ஐந்து மாதம் எல்லோரும் ‘ஹார்மோன்’ என்று ஒரே வார்த்தையில் என்னை அனுப்பிவைத்தார்கள். அந்த வார்த்தைக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டியவர் இவர் ஒருவர்தான்.

இப்போது சி.பி.கே. 212. பிரெட்னிசோலோன் 7.5-க்கு இறங்கியிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மாத்திரை தொடர்கிறது. சாதாரண பஸ்ஸில் ஏறுகிறேன், கம்பியைப் பிடித்துக்கொண்டு. தரையில் உட்கார்ந்தால் மட்டும் இன்னும் ஒரு கையை ஊன்றித்தான் எழ முடிகிறது. ராத்திரி மூன்று மணி அனல் அப்படியே இருக்கிறது. வரும் வியாழக்கிழமை மகப்பேறு டாக்டரைப் பார்க்கப் போகிறேன், தோலில் ஒட்டும் ஹார்மோன் பட்டை எனக்கு ஆகுமா என்று கேட்க. பயாப்சி ரிப்போர்ட்டையும் எடுத்து வைத்திருக்கிறேன். இந்த முறை அவரும் டாக்டரம்மாவும் போனில் பேசிக்கொண்ட பிறகுதான் எதையும் வாங்குவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.