நெட் கூட முடிந்தது, ஓபிசி சான்றிதழ்தான் முடியவில்லை

முனைவர் பட்ட ஆய்வில் சேர சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு எழுதினேன், ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தது. இயற்பியல் நுழைவுத் தேர்வான ஜெஸ்ட்டும் எழுதினேன். படிப்புப் பக்கம் அவ்வளவுதான். என்னைப் படுத்தி எடுத்தது ஓபிசி நான்-கிரீமிலேயர் சான்றிதழ்: மத்திய இடஒதுக்கீட்டுக்காக, பிற்படுத்தப்பட்டவர்களில் வசதி படைத்த பிரிவில் இல்லை என்று காட்டுவது.

நம்மிடம் இருக்கிற பிசி சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் எடுபடாது. இ-சேவையில் விண்ணப்பித்துவிட்டு விஏஓ அலுவலகம் போனேன். “மக்ளே, ஒனக்க கையில ஜாதி சர்ட்டிபிகேட் இருக்குல்லா? பின்ன இது என்னத்துக்கு?” என்றார் அங்கிருந்தவர். மத்திய அரசுப் படிவத்தைக் காட்டி அவருக்குப் புரியவைக்கவே பாதி நாள் போனது.

அப்புறம் தாலுகாவில் விண்ணப்பம் நிராகரிப்பு. காரணம் என்ன என்று நேரில் போய் நின்றுதான் தெரிந்துகொண்டேன். அம்மா அரசு வேலையில் குரூப் சி, அதாவது அதிகாரி நிலைக்குக் கீழான பணி. அவர் சம்பளத்தையும் அப்பாவின் ரப்பர் வருமானத்தையும் கூட்டினால் ஆண்டு வருமான வரம்பான 8 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறதாம்! 1993 செப்டம்பர் 8 மத்திய அரசு உத்தரவுப்படி சம்பளத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. விவசாய நில வருமானமும் சேராது. ஆனால் நம்ம குமரி மாவட்டத்துக்காரர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: ரப்பர், தேயிலை, காபி தோட்ட வருமானம் கணக்கில் வரும். எங்களுக்கு ரப்பரில் வருவது வரம்புக்குப் பக்கத்தில்கூட இல்லை.

உத்தரவை அச்செடுத்து, அந்த வரிகளுக்குக் கீழே கோடு போட்டு, குரூப் சி பணி என்று அம்மாவின் அலுவலகத்தில் ஒரு கடிதமும் வாங்கி மறுபடி போட்டேன். மேலதிகாரி படித்துப் பார்த்துவிட்டு, “சரிதான், சம்பளம் சேராது” என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை அலைச்சல். பல நிறுவனங்கள் நடப்பு நிதியாண்டுச் சான்றிதழைத்தான் கேட்கின்றன. ஏப்ரல் பிறந்ததும் முதல் வேலையாக விண்ணப்பித்துவிடுங்கள்.

ஆய்வுப் படிப்புக்கான நேர்காணலில் ஊரைக் கேட்டதும் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலுக்குத் தாவினார்கள். அந்த மணலில் உள்ள மோனசைட் கனிமத்தில் இருக்கும் தோரியம்-232 கதிரியக்கத்தால் சிதைந்து ஈயம்-208 ஆவதற்குள் எத்தனை ஆல்பா, எத்தனை பீட்டா துகள்கள் வெளிவரும்? நிறை எண்ணில் 24 குறைகிறது, ஓர் ஆல்பாவுக்கு 4 வீதம் 6 ஆல்பா. அணு எண்ணைச் சரிக்கட்ட 4 பீட்டா. பலகையில் எழுதிக் காட்டினேன். அறையே இளகிவிட்டது.

ஜூனியர்களுக்கு: துகள்களில் ஆய்வு என்றதும் நியூட்ரினோ, செர்ன் (ஐரோப்பிய அணு ஆய்வு மையம்) என்று மட்டும் தேடாதீர்கள். சென்னை ஐஎம்எஸ்சி (கணித அறிவியல் நிறுவனம்) கோட்பாட்டு இயற்பியலுக்கு நல்ல இடம்தான். ஆனால் காற்றில் மிதக்கும் ஏரோசால் எனும் நுண்துகள்களில் ஆய்வு செய்ய, பக்கத்துத் திருவனந்தபுரத்திலேயே இஸ்ரோவின் விஎஸ்எஸ்சி மையத்தைச் சேர்ந்த விண்வெளி இயற்பியல் ஆய்வகம் இருக்கிறது. திரவத்தில் மிதக்கும் கூழ்மத் துகள்கள் என்றால் பெங்களூரு ராமன் ஆய்வுக் கழகம், தூசிப் பிளாஸ்மா (மின்னேற்ற வாயுவில் மிதக்கும் தூசித் துகள்கள்) என்றால் காந்திநகர் பிளாஸ்மா ஆய்வு நிறுவனம்.

ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023-இலிருந்து மாதத்துக்கு 37,000 ரூபாய். சேர்ந்த மறுமாதமே வரும் என்று நம்பி விடுதிக்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள். முதல் தொகை வர மாதக்கணக்கில் ஆகலாம். எனக்கு இன்னும் வரவில்லை.