கூத்துப் பதிவுகளைச் சேர்வருக்கு ஏற்றுதல்: மட்டக்களப்பிலிருந்து வின்எஸ்சிபி அனுபவம்

விடிய விடிய ஆடும் ஒரு வடமோடிக் கூத்தை 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோவாக ஒலிப்பதிவு செய்தால் மணிக்கு 1 ஜிபிக்குச் சற்று மேலே வரும். எட்டு மணி நேரத்துக்கு 8.3 ஜிபி. கூத்துப் பாட்டு எழுதிய பழைய கொப்பியின் ஏ4 பக்கம் ஒன்றை 300 டிபிஐயில் நிறத்தோடு ஸ்கேன் செய்து, சுருக்காமல் டிஃப் கோப்பாக வைத்தால் பக்கத்துக்கு 25 எம்பி. பதிவேற்ற வேகம் 5 எம்பிபிஎஸ் என்றால் ஒரு கூத்து முழுதும் போய்ச் சேர மூன்றே முக்கால் மணி நேரம் வேண்டும். அதுவும் லைன் அறாமல் நின்றால்தான். மாரி காலத்தில், கார்த்திகை முதல் தை வரை, அது நிற்காது. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் ஃபோன் ஹொட்ஸ்பொட்டை நம்பி ஏற்றுகிறவர்களுக்கு எந்தக் காலத்திலும் உறுதி இல்லை. ஆகவே இந்த வேலையில் நாங்கள் வேகத்தைப் பார்க்கவில்லை. அறுந்த இடத்திலிருந்து மறுபடி தொடருமா, போய்ச் சேர்ந்தது முழுதாகச் சேர்ந்ததா என்ற இரண்டு கேள்விகளை வைத்தே எல்லாவற்றையும் தீர்மானித்தோம்.

கணினியிலிருந்து சேர்வருக்குக் கோப்புகளை அனுப்ப, வின்டோஸ் கணினிகளில் வின்எஸ்சிபி பாவிக்கிறோம். செக் நாட்டவரான மார்ட்டின் பிரிக்ரில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய திறமூல மென்பொருள் இது, ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. எஸ்எஸ்ஹெச் (மறைகுறியாக்கிய இணைப்பு முறை) பகுதி, அதே முறையில் சேர்வரோடு இணையும் புட்டி என்ற கருவியின் நிரலையும், எஃப்டிபி (பழைய கோப்பனுப்பும் முறை) பகுதி ஃபைல்ஸில்லா என்ற இன்னொரு கோப்பனுப்பும் கருவியின் நிரலையும் அடிப்படையாகக் கொண்டது. ஃபைல்ஸில்லாவும் நல்ல கருவிதான், விட்ட இடத்திலிருந்து தொடரவும் செய்யும். ஆனால் அது கோப்பை நேரே இறுதிப் பெயரிலேயே எழுதுகிறது. பாதியில் நின்ற 3 ஜிபிக் கோப்பு சேர்வரில் முழுக் கோப்புப் போலவே கிடக்கும், அடுத்தவர் அதைப் பார்த்து ஏற்றி முடிந்தது என்று எண்ணுவார். வின்எஸ்சிபி 100 கேபிக்கு மேற்பட்ட கோப்பை ஃபைல்பார்ட் என்ற ஒட்டுப் பெயரோடு ஏற்றி, கடைசி பைட்டும் போன பிறகே உண்மைப் பெயரைக் கொடுக்கும். பலர் சேர்ந்து ஒரே சேகரிப்பில் வேலை செய்யும் இடத்தில் இந்த ஒரு வித்தியாசம் போதும். லினக்ஸ் பாவிப்பவர்களுக்கு இது கிடையாது, அவர்கள் ஆர்சிங்க் என்ற கருவியின் பக்கம் போவது நல்லது.

நிறுவும்போது ஒரு எச்சரிக்கை. தேடல் முடிவின் மேலே வரும் விளம்பரத்தைச் சொடுக்கி இறக்காதீர்கள். வின்எஸ்சிபி, புட்டி இரண்டின் பெயரிலும் தீம்பொருள் கலந்த போலி நிறுவிகள் விளம்பரங்கள் வழியாகப் பரப்பப்பட்டிருக்கின்றன. முகவரிப் பட்டையில் வின்எஸ்சிபி டாட் நெட் என்று நீங்களே தட்டச்சிடுங்கள்.

கணினிப் பக்கம் தொடுவதற்கு முன் சேர்வர் பக்கத்தை ஒழுங்கு செய்ய வேண்டும். பதிவேற்றுகிற ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கை எல்லோரும் பகிர்ந்து பாவிப்பது கெதியாக வேலை முடியும் வழிபோலத் தெரியும், ஆனால் யார் எதை அழித்தார் என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. எல்லாக் கணக்குகளையும் ஒரு குழுவில் சேர்த்து, சேகரிப்புக் கோப்புறையை அந்தக் குழுவுக்கு உரியதாக்கி, அனுமதியை 2775 (உரியவரும் குழுவும் எழுதலாம், மற்றவர்கள் வாசிக்க மட்டும்) என்று வைத்தோம். முன்னால் நிற்கும் 2 தான் முக்கியம்: உள்ளே உருவாகும் புதிய கோப்பெல்லாம் அதே குழுவுக்குப் போகும். அதோடு எஸ்எஃப்டிபியின் (எஸ்எஸ்ஹெச் வழியாகக் கோப்பு அனுப்பும் முறை) யூமாஸ்க்கையும், அதாவது புதிய கோப்பில் எந்த அனுமதிகளைக் கழிப்பது என்ற எண்ணையும், 0002 ஆக்க வேண்டும். வழக்கமான 022 இருந்தால் ஒருவர் உருவாக்கிய உட்கோப்புறைக்குள் இன்னொருவர் எதையும் வைக்க முடியாது.

கணக்குகளைச் சேகரிப்புக் கோப்புறைக்குள் மட்டும் அடைத்து வைக்க குரூட் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடைக்கும் மேல் கோப்புறை ரூட்டுக்கு உரியதாக இருக்க வேண்டும், குழுவுக்கு அதில் எழுதும் அனுமதி இருக்கக் கூடாது. இருந்தால் கடவுச்சொல், திறப்பு (கீ) எல்லாம் சரியாகி உள்ளே போன அடுத்த நொடி இணைப்பு அறுந்துவிடும். வின்எஸ்சிபியில் காரணம் தெரியாது, சேர்வரின் பதிவேட்டில்தான் தெரியும். எழுதக்கூடிய கோப்புறையை அதற்குள் இன்னொரு படி கீழே வையுங்கள்.

கடவுச்சொல்லால் நுழைவதை நிறுத்திவிட்டுத் திறப்பு முறைக்குப் போனோம்: தனித் திறப்பு உங்கள் கணினியில் இருக்கும், அதன் சோடியான பொதுத் திறப்பு சேர்வரில் இருக்கும். வின்எஸ்சிபியோடு வரும், திறப்பு உருவாக்கும் புட்டிஜென்னைத் திறந்து, வகையில் ஈடிடிஎஸ்ஏ, அதில் ஈடி25519 தெரிந்து, உருவாக்கி, திறப்புக்கு ஒரு கடவுத்தொடர் போட்டு, தனித் திறப்பைப் பிபிகே கோப்பாகச் சேமிக்க வேண்டும். பொதுத் திறப்பை எடுக்கும் இடத்தில்தான் புதியவர்கள் மினக்கெடுகிறார்கள். அங்குள்ள சேமிப்புப் பொத்தானை அமுக்கினால் பல வரிகளாக உடைந்த வேறு வடிவம் வரும், ஓப்பன்எஸ்எஸ்ஹெச் (லினக்ஸில் வழக்கமான எஸ்எஸ்ஹெச் மென்பொருள்) சேர்வரில் அனுமதித்த திறப்புகளைப் பட்டியலிடும் ஆதரைஸ்ட் கீஸ் கோப்பில் அது வேலை செய்யாது. சாளரத்தின் மேல் பெட்டியில் இருக்கும் ஒற்றை நீள வரியை முழுதாகக் கொப்பி செய்து சேர்வர் பொறுப்பாளருக்கு அனுப்புங்கள். தனித் திறப்பை ஒருவருக்கும் அனுப்பக் கூடாது, வாட்ஸ்அப்பில் பொறுப்பாளர் கேட்டாலும்கூட.

திறப்பு சரியாக இருந்தும் சேர்வர் மறுத்தால், பெரும்பாலும் அனுமதிகள்தான் காரணம். எஸ்எஸ்ஹெச் கோப்புறை 700, ஆதரைஸ்ட் கீஸ் கோப்பு 600 (இரண்டும் உரியவருக்கு மட்டும் என்ற பொருள்), பாவனையாளரின் வீட்டுக் கோப்புறையில் வேறெவருக்கும் எழுதும் அனுமதி இல்லை என்று பாருங்கள். இன்னொன்று: 2024 ஏப்ரலில் புட்டி 0.68 முதல் 0.80 வரையான பதிப்புகளில் ஒரு பெரிய ஓட்டை வெளிவந்தது. என்ஐஎஸ்டி பி-521 வகைத் திறப்பை அந்தப் பதிப்புகளோடு பாவித்திருந்தால், இணையும்போது அந்தத் திறப்பால் இடப்படும் கையொப்பங்களில் அறுபதளவு கிடைத்தவரால் தனித் திறப்பையே கணித்துவிட முடியும். வின்எஸ்சிபியில் 6.3.3 பதிப்பில் அது சரியாக்கப்பட்டது. பழைய பி-521 திறப்பு வைத்திருப்பவர்களுக்கு மென்பொருளைப் புதுப்பித்தால் மட்டும் போதாது, அந்தத் திறப்பையே சேர்வரிலிருந்து நீக்க வேண்டும்.

முதன்முறை இணையும்போது சேர்வரின் கைரேகை என்று ஷா256 (உள்ளடக்கத்திலிருந்து கணிக்கும் சரிபார்ப்பு எண்) வரி ஒன்றைக் காட்டிச் சம்மதம் கேட்கும். சேர்வர் வழங்குநரின் இணையக் கட்டுப்பாட்டுத் திரையில் தெரியும் கைரேகையோடு ஒப்பிட்டு, அதன் பிறகே ஆம் சொல்ல வேண்டும். பிறகொரு நாள் கைரேகை மாறிவிட்டதென்று எச்சரித்தால், சேர்வரை மறுபடி நிறுவினீர்களா என்று பொறுப்பாளரிடம் கேட்கும்வரை தொடாதீர்கள்.

சேர்வரில், தவறான நுழைவு முயற்சிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் இருந்தால் அதன் வழக்கமான அமைப்பு, 10 நிமிடத்துக்குள் 5 முறை தவறினால் 10 நிமிடத் தடை. ஒரே றவுட்டருக்குப் பின்னால் இருந்து பலர் ஏற்றும் நிலையத்தில் எல்லோருக்கும் வெளி முகவரி ஒன்றுதான். ஒருவரின் பிழையான முயற்சியால் எல்லோருக்கும் கதவு பூட்டப்படும், மற்றவர்களுக்கு அது லைன் பிரச்சினைபோலத் தெரியும். மொபைல் டேட்டாவில் இன்னும் சிக்கல்: முகவரி அடிக்கடி மாறும், முன்பின் தெரியாதவர்களோடு பகிரப்பட்டும் இருக்கும். ஆகவே குறிப்பிட்ட முகவரியை மட்டும் அனுமதிக்கும் ஃபயர்வோல் விதி இங்கே உதவாது. பேஜன்டில் (திறப்புகளை நினைவில் வைத்திருக்கும் துணைக் கருவி) பல திறப்புகளை ஏற்றி வைத்திருப்பவர்களுக்கும் இணைப்பு மறுக்கப்படும். வின்எஸ்சிபி அவற்றை ஒவ்வொன்றாக நீட்ட, சேர்வர் ஆறாவது மறுப்போடு இணைப்பை மூடிவிடும். அந்தச் சேர்வருக்குரிய ஒரு திறப்பை மட்டும் வையுங்கள்.

இனி கோப்புப் பெயர்கள். தமிழில் பெயர் வைக்கும் எந்தச் சேகரிப்புக்கும் இது பொருந்தும், எழுதப்பட்டு நாங்கள் கண்டதும் குறைவு, ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறோம்.

லினக்ஸில் பரவலாக இருக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு பெயருக்கு எல்லை 255 பைட். யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட், புள்ளியும் உயிர்மெய்க் கொம்பும் தனித்தனிக் குறிகள். வடமோடிக்கூத்து என்பது கண்ணுக்கு எட்டு எழுத்து. கணினிக்கு அது 14 குறி, 42 பைட். 255ஐ 3ஆல் வகுத்தால் 85 குறி. வின்எஸ்சிபியின் ஃபைல்பார்ட் ஒட்டு புள்ளியோடு 9 பைட் எடுக்கும், மீதி 82 குறி. நடைமுறையில் 45 எழுத்தைத் தாண்டினால் ஆபத்து. வின்டோஸ் பெயரை வேறு விதமாக எண்ணுவதால் அங்கே இதே பெயர் பிரச்சினையின்றி இருக்கும். ஏற்றும்போது மட்டும் பிழை வரும், அதுவும் குறியீடு 5, செய்தி பழுதடைந்தது என்ற பொருளில். லைன் கோளாறு என்று நினைத்து றவுட்டரை நிறுத்தி நிறுத்திப் போட்டுப் பயனில்லை, பெயரைக் குறுக்குங்கள். ஊர், ஆட்டம், வரிசை எண் மட்டும் பெயரில் இருக்கட்டும். அண்ணாவியார் (கூத்தைப் பழக்குபவர்) பெயர், பாத்திரங்கள், திகதி எல்லாம் விபர அட்டவணைக்குப் போகட்டும்.

இரண்டாவது, ஒரே பெயரில் இரண்டு கோப்பு. மோ என்ற எழுத்தின் கொம்பை யூனிகோட் ஒரே குறியாகவும் எழுதலாம், முன் கொம்பு, பின் கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பழைய மக் கணினிகளின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் வன்தட்டு பெயர்களை இரண்டு குறியாக உடைத்தே சேமிக்கும், வின்டோஸில் தட்டச்சிடும்போது பொதுவாக ஒரே குறி. லினக்ஸ் சேர்வருக்கு அவை வேறு வேறு பெயர்கள். மக்கில் வடிவமைத்த வன்தட்டு சேகரிப்புக்குள் வந்தால், ஏற்றுவதற்கு முன் எல்லாப் பெயர்களையும் ஒன்றிணைந்த வடிவுக்கு மாற்றுங்கள். கான்வ்எம்வி என்ற சிறு கருவி இதைச் செய்யும்.

பழைய இணையத் தளத்தில் எஃப்டிபி வழியாக இருந்தவற்றை எடுக்கும்போது பெயர்கள் ஐரோப்பிய எழுத்துகளாகச் சிதறித் தெரிந்தால், வின்எஸ்சிபியில் அந்தத் தளத்துக்குரிய அட்வான்ஸ்ட் அமைப்பில் யூடிஎஃப்-8 தெரிவை ஓன் ஆக்குங்கள். இறக்கிய பிறகு திருத்துவது பெரும்பாடு.

அமைப்புகளில் எண்டியூரன்ஸ் பக்கத்துக்குப் போய், தானாக மீள இணைவது இயங்குகிறதா என்று பாருங்கள். தளத்தின் அட்வான்ஸ்ட் அமைப்பில் கனெக்சன் பக்கத்தில் கீப்அலைவை (இணைப்பு உயிரோடிருக்க அனுப்பும் சிறு சைகை) 30 விநாடியாக வைத்தால், சும்மா இருக்கும் இணைப்பை மொபைல் வலையமைப்பு கத்தரிப்பது குறையும். ஒரே நேரத்தில் ஏற்றும் கோப்புகளின் எண்ணிக்கையை 2க்கு மேல் கூட்ட வேண்டாம். நலிந்த லைனில் கூட்டினால் எல்லாமே பாதியில் நிற்கும். பகலில் மற்றவர்களுக்கும் லைன் வேண்டுமென்றால் வேக எல்லை போடலாம். இரவு டேட்டா உள்ள பொதியென்றால் வரிசையில் போட்டுவிட்டு, மடிகணினி தூங்காதபடி பவர் அமைப்பை மாற்றி வையுங்கள். கரண்ட் போனாலும் மடிகணினிக்குப் பற்றரி இருக்கிறது, றவுட்டருக்கு இல்லை. அதன் வோல்டேஜுக்குப் பொருந்தும் மினி யூபிஎஸ் ஒன்று இந்த வேலைக்கு வேறெந்தச் செலவையும்விடப் பயன்படும்.

தொடர்ந்து ஏற்றும் வசதியில் ஒரு பொறி உண்டு. பாதி போன பிறகு மூலக் கோப்பை யாரும் திருத்தினால், பழைய முன்பாதியும் புதிய பின்பாதியும் ஒட்டிய கோப்பு சேரும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஏற்றப்போகும் மூலங்களை முதலிலேயே ரீட்-ஒன்லி ஆக்கிவிடுங்கள்.

குறியீடு 3 வந்தால் அனுமதி இல்லை. குறியீடு 4 வெறும் தோல்வி என்றே சொல்லும். நாங்கள் முதலில் பார்ப்பது வன்தட்டில் இடம் இருக்கிறதா என்று, பிறகு அதே பெயரில் ஏற்கெனவே ஏதும் உள்ளதா என்று.

கணினியிலும் சேர்வரிலும் உள்ள கோப்புறைகளை ஒன்றுபோலாக்கும் சிங்க்ரனைஸ் வசதியில் திசை மாறினால் சேகரிப்பே போய்விடும். திசை ரிமோட் என்றால் சேர்வர்தான் மாற்றப்படும், லோக்கல் என்றால் உங்கள் கணினி. டிலீட் ஃபைல்ஸ் தெரிவைத் தொட வேண்டாம், பிரிவியூ சேஞ்சஸ் எப்போதும் இயங்கட்டும், வரும் பட்டியலில் அம்புக்குறிகளை வாசித்த பிறகே ஓகே. பழைய எஃப்டிபித் தளத்தோடு ஒப்பிடும்போது எல்லாக் கோப்பும் மாறியதாகக் காட்டினால், நேரம் ஐந்தரை மணி விலகியிருக்கிறதா என்று பாருங்கள். சேர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கிறது, நேர வித்தியாசத்தைத் தளத்தின் அமைப்பில் கொடுத்தால் சரியாகும். எஸ்எஃப்டிபியில் இந்தத் தொல்லை இல்லை.

அளவு ஒத்துப்போவதை நாங்கள் சான்றாக எடுப்பதில்லை. மேலே சொன்ன, பழைய பாதியும் புதிய பாதியும் ஒட்டிய கோப்பின் அளவும் ஒத்துப்போகலாம். 7-ஸிப்பின் வலச்சொடுக்குப் பட்டியலில் ஷா256 எடுத்து, சேர்வரில் உள்ளதன் ஷா256 உடன் ஒப்பிடுகிறோம். வின்எஸ்சிபியில் கோப்பின் புரொபர்ட்டீஸில் செக்சம் பக்கம் உண்டு, ஆனால் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சேர்வரில் அதற்கு ஷெல் அனுமதி (சேர்வரில் கட்டளை இடும் அனுமதி) தேவை. எஸ்எஃப்டிபி மட்டும் உள்ள கணக்குகளுக்குப் பொறுப்பாளர் சேர்வரிலேயே பட்டியல் எடுத்துத் தர வேண்டும். இரண்டு எண்ணும் ஒத்து, விபர அட்டவணையில் பதிந்த பிறகே பதிவுக் கருவியின் மெமரி கார்டை அழிக்க அனுமதி.

பொதுக் கணினியில் வேலை செய்கிறவர்கள் கடவுச்சொல்லைத் தளத்தோடு சேமிக்கக் கூடாது. மாஸ்டர் பாஸ்வேர்ட் போடாதவரை வின்எஸ்சிபி அதைக் குழப்பி எழுதி வைக்கிறதே தவிர, உண்மையான மறைகுறியாக்கம் செய்வதில்லை. ஒருவர் குழுவை விட்டுப் போகும்போது அவருடைய வரியை ஆதரைஸ்ட் கீஸ் கோப்பிலிருந்து அன்றைக்கே எடுத்துவிடுங்கள். தனித்தனிக் கணக்கும் தனித்தனித் திறப்பும் இருப்பதால் மற்றவர்களில் எவரும் எதையும் மாற்ற வேண்டி வராது.